முப்பது வயதில் அரிச்சுவடி



வீடு மந்திரிக்க வரும்போது உங்களோடு திண்ணையில் உட்கார்ந்து பேச எனக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. அப்போது ஒரே பேச்சு வீட்டுக்கு வீடு காதில் விழுகிறது. பூசையில் வாசகம் வாசிக்க ஒரு தாயாரைக் கூப்பிட்டால், எட்டாவதோடு நின்றுவிட்ட தமக்கு இனி எங்கே வரப்போகிறது என்று ஒதுங்கிக்கொள்கிறார். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடம் தவறிய பையன் புத்தகங்களைப் பரணில் ஏற்றிவிட்டு, தன் மண்டைக்கு அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டான். குடியை விட இரண்டு தரம் முயன்று இரண்டு தரமும் தோற்ற ஒரு தகப்பனார், அது தம் சுபாவம், இனி மாறாது என்று தலையெழுத்தைச் சொல்வதுபோல் சொல்லுகிறார். கணவனை இழந்த ஒரு சகோதரி, வங்கிப் படி ஏறக் கூச்சப்பட்டு, தம் சொந்தப் பணத்துக்கே அடுத்தவர் கையை எதிர்பார்த்து நிற்கிறார்.

இவர்கள் யாரும் சோம்பேறிகள் அல்ல. உச்சி வெயிலில் பருத்தி எடுக்கிறவர்கள். முதுகு ஒடியச் சின்ன வெங்காயம் பிடுங்கிக் காயப்போடுகிறவர்கள். சுண்ணாம்புக்கல் வெட்டுகிற இடத்திலும் சிமெண்டு ஆலையிலும் இராமுறை பகல்முறை என்று மாறி மாறி உழைக்கிறவர்கள். உடம்பின் பாடுகளுக்கு அஞ்சாத இந்த ஜனங்கள், மனசுக்குள் மட்டும் ஒரு கோடு கிழித்துக்கொண்டு, தாங்கள் இவ்வளவுதான் என்று அதற்கு இப்புறமே நின்றுவிடுகிறார்கள்.

அந்தக் கோட்டைக் கிழித்தவர் சர்வேசுரனா, அல்லது நம்முடைய பயமா? இந்த வாரம் நாம் யோசிக்கவேண்டிய கேள்வி இதுவே. விடை தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் அரியலூர்ச் சீமையிலே, கொள்ளிடத்துக்கு வடக்கே, ஏலாக்குறிச்சியில் இருந்து உழைத்த ஒரு குருவானவரின் சரித்திரமே அந்த விடையைச் சொல்லும். வீரமாமுனிவர் என்று தமிழ் உலகம் போற்றுகிறவர் அவர்.

படித்தவர் பாமரர் ஆனார்

இத்தாலி தேசத்தின் வடபாகத்தில், மாந்துவா நகரத்துக்கு அருகே காஸ்திலியோனே என்று ஓர் ஊர் உண்டு. வாலிபர்களின் பாதுகாவலரான அர்ச். ஞானப்பிரகாசியார் பிறந்த ஊர் அதுதான். அதே ஊரில் 1680-ம் வருஷம் நவம்பர் மாதம் 8-ம் தேதி கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி பிறந்தார். 1698-ல் சேசுசபையில் சேர்ந்தார். ரவென்னா நகரில் மாணவர்களுக்குப் போதித்தார். பொலோஞ்ஞாவில் வேதசாஸ்திரம் படித்தார். 1709-ல் குருப்பட்டம் பெற்றார்.

அவருக்கு லத்தீன் கரதலப் பாடம். தம் தேசத்திலேயே தங்கியிருந்தால் ஒரு கல்லூரியில் மரியாதைக்குரிய போதகராய், புத்தகங்களின் நடுவே, சுகமாகக் காலம் கழித்திருக்கலாம். ஆனால் தத்துவ போதகரும் அருளானந்தரும் உழைத்த மதுரை மிஷனுக்குப் போகவேண்டும் என்பதே அவர் மனதின் ஆவல். லிஸ்பன் துறைமுகத்தில் கப்பல் ஏறி, 1710-ம் வருஷம் அக்டோபர் மாதம் கோவாவில் வந்து இறங்கினார். 1711-ல் தமிழ்நாட்டில் காலடி வைத்தார். அப்போது அவருக்கு 30 வயது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நேற்றுவரை அவர் வாத்தியார். மாணவர்கள் அவர் முன்னே எழுந்து நின்றார்கள். இன்று அவர் எழுத்தறியாதவர். கடைத்தெருவில் ஒரு சிறு பிள்ளை பேசுவது அவருக்குப் புரியாது. தண்ணீர் கேட்கவும் தடுமாறவேண்டும். இத்தாலிய நாவுக்கு நம் ழகரமும் ளகரமும் பழக்கமில்லை. வாயைத் திறந்தாலே கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். முப்பது வயதில் மறுபடியும் அரிச்சுவடி எடுத்து அ, ஆ என்று தொடங்குவது பெரிய தாழ்ச்சி. உடம்பால் பட்ட கஷ்டத்தைவிட இந்தத் தாழ்ச்சியே அவர் தாண்டிய முதல் எல்லை என்று நான் நினைக்கிறேன்.

நம்மில் பெரும்பாலோர் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். நமக்குத் திறமை இல்லாமல் போவதில்லை. கற்றுக்குட்டியாகப் பிறர் முன்னே நிற்க நமக்கு மனம் வருவதில்லை. தப்பாக வாசித்தால் கோயிலில் சிரிப்பார்களே என்று அந்தத் தாயார் அஞ்சுகிறார். தன்னைவிடச் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து மறுபடியும் பரீட்சை எழுதுவதா என்று அந்தப் பையன் வெட்கப்படுகிறான். புத்தி குறைவு என்று நாம் பெயர் வைத்திருப்பது பல சமயம் வெறும் வெட்கமே.

ஒவ்வொரு எல்லையாய்

அக்காலத்தில் தமிழ் படிப்பது எளிய காரியம் அல்ல. இன்றைக்குப் போல் அச்சுப் புத்தகமும் அகராதியும் கைக்கு எட்டிய இடத்தில் இல்லை. ஓலைச்சுவடியைப் பிரித்து, புள்ளியில்லாத எழுத்துக்களை இடம் பார்த்து நிதானித்து வாசிக்கவேண்டும். சொல்லுக்குப் பொருள் வேண்டுமானால் நிகண்டு இருந்தது. ஆனால் நிகண்டு பாட்டாய் இருக்கும். அதை மனப்பாடம் செய்தவனுக்கே அது உதவும். ஆகவே ஒரு குருவின் காலடியில் உட்கார்ந்தால் ஒழிய வழி கிடையாது. பெஸ்கி சுவாமியார் அப்படியே உட்கார்ந்தார். சுப்பிரதீபக் கவிராயர் அவருக்குத் தமிழ் கற்பித்தார் என்று பழைய வரலாறுகள் சொல்லுகின்றன.

படிப்பதற்காகத் தனியே ஓய்வும் அவருக்குக் கிடைக்கவில்லை. தெற்கே காமநாயக்கன்பட்டி முதலான இடங்களில் பாவசங்கீர்த்தனம் கேட்டு, பூசை வைத்து, நோயாளிகளைச் சந்தித்து, ஊர் ஊராய் நடந்துகொண்டே அவர் கற்றார். ஆபத்தும் கூடவே வந்தது. 1714-15-ம் வருஷங்களில் குருக்கள்பட்டியில் அவர் பிடிபட்டுச் சிறைப்பட்டார். மரண தண்டனை வரைக்கும் போய்த் தப்பினார். அந்த நாளில் தமக்கு விதித்த அளவு இவ்வளவே என்று கோவாவுக்குத் திரும்பிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் திரும்பவில்லை. வடக்கே, நம் பக்கமாக வந்தார்.

முதலில் அவர் தம் ஞானஸ்நானப் பெயரைத் தழுவித் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். தைரியம் வடசொல்லாய் இருந்தபடியால் பிற்பாடு வீரமாமுனிவர் என்ற பெயர் நிலைத்தது. தமிழ்நாட்டுத் துறவியைப்போல் உடுத்தினார், உண்டார், பேசினார்.

ஏலாக்குறிச்சியில் பட்ட பாடு

ஏலாக்குறிச்சி உங்களில் அநேகர் பாத யாத்திரையாகப் போய் வந்திருக்கும் இடம். திருமானூர்ப் பக்கத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பிரதேசத்தில் இருக்கிறது. ஆற்றுக்குத் தெற்கே தஞ்சாவூர் ராஜ்யம். அங்கே வேத கலகம் வந்தபோது, கிறிஸ்தவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து இங்கே வந்து அடைக்கலம் புகுந்தார்கள். அவர்களுக்காக வீரமாமுனிவர் கோயில் எழுப்பி, அதை அடைக்கல மாதாவுக்கு ஒப்புக்கொடுத்தார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். திருக்காவலூர்க் கலம்பகம் என்ற நூலையும் அந்த மாதாவின்மேல் பாடினார்.

அரியலூர் மழவராயருக்கு வந்த பிளவை நோய் மாதாவின் உதவியால் குணமானதாகவும், அதற்கு நன்றியாக அவர் கோயிலுக்கு நிலம் விட்டதாகவும் ஏலாக்குறிச்சியில் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். முனிவரைப் பற்றி இப்படி வழங்கும் கதைகள் பல. அவர் புலித்தோலில் வீற்றிருந்தார், பல்லக்கில் போனார், சந்தா சாகிபுக்கு வேண்டியவராய் இருந்தார் என்றெல்லாம் 19-ம் நூற்றாண்டில் புதுவை முத்துசாமிப் பிள்ளை எழுதிய வரலாற்றில் காண்கிறோம். அவற்றில் சிலவற்றை ஆராய்ச்சியாளர்கள் ஐயுறுகிறார்கள். அந்தக் கதைகள் இல்லாவிட்டாலும் நம் பாடத்துக்குக் குறைவில்லை. அவர் எழுதிய நூல்கள் கண்முன்னே இருக்கின்றன. அவற்றின் வருஷங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே போதும்.

1726-ல் தேம்பாவணி முடிந்தது. நம் பங்கின் தகப்பன்மார்களுக்குப் பாதுகாவலரான அர்ச். சூசையப்பரின் சரித்திரம் அது. மூன்று காண்டம், 36 படலம், 3615 பாட்டு. வளன் என்று சூசையப்பருக்கு அதில் தமிழ்ப் பெயர். யூதேயா தேசத்து வயலும் ஆறும் அந்தக் காவியத்தில் நம் நாட்டு வயலாயும் ஆறாயும் தோன்றும். அரிச்சுவடி எடுத்து 15 வருஷத்தில், 46 வயதை எட்டும்போது, தமிழ்ப் புலவர் கூட்டத்தில் வைத்து எண்ணத்தக்க காவியத்தை ஓர் இத்தாலியர் செய்து முடித்தார்.

அதோடு அவர் நின்றாரா? இல்லை. அடுத்தடுத்து வேதியர் ஒழுக்கம் வந்தது. அது உபதேசியார்களுக்காக வசன நடையில் எழுதியது. பாட்டில் புகழ் பெற்றவர் எளிய வசனத்துக்கு இறங்கி வந்தார். 1728-ல் பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். 1730-ல் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்ற ஐந்தையும் விளக்கும் தொன்னூல் விளக்கம் வந்தது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்து மேல்நாட்டார் அறியச் செய்தார். 1732-ல் சதுரகராதி செய்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதி. சொற்களை எழுத்து வரிசையில் அடுக்கியது. இனி சொல்லுக்குப் பொருள் தேட நிகண்டு முழுவதையும் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. தாம் பட்ட கஷ்டத்தைத் தமக்குப் பின்னே வருகிறவன் படாதபடி அவர் பாதை வெட்டிக் கொடுத்தார்.

எழுத்திலும் அப்படியே. முற்காலத்தில் எகர ஒகரக் குறிலுக்கு மேலே புள்ளி வைப்பது வழக்கம். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள். அதனால் குறில் எது, நெடில் எது என்று வாசிக்கிறவன் தடுமாறுவான். முனிவர் அதைச் சீர்ப்படுத்தினார். ஏகார ஓகாரத்துக்கும், கே, கோ போன்ற எழுத்துக்களின் இரட்டைச் சுழிக் கொம்புக்கும் இன்று உங்கள் பிள்ளை சிலேட்டில் எழுதும் வடிவம், அந்தத் திருத்தத்தின் வழியாக வந்ததே. புதிதாய்ப் படிக்க வந்தவனாய் அவர் தட்டுத்தடுமாறிய இடம், பிறகு அவர் ஊருக்கு உதவி செய்த இடமாயிற்று. கற்றுக்குட்டியாய் நின்ற நாட்களை அவர் மறக்கவில்லை.

செந்தமிழும் பேச்சுத் தமிழும்

அவர் இரண்டு தமிழுக்கும் இலக்கணம் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை. என் சொந்த அனுபவத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. குருப்பட்டம் பெற்ற புதிதில், ஒரு கிளைக் கிராமத்தில் பிரசங்கம் வைத்தேன். குருமடத்தில் படித்த பெரிய பெரிய வார்த்தைகள் எல்லாம் அதில் இருந்தன. பூசை முடிந்ததும் ஒரு கிழவி வந்து, சாமி சொன்னது ரொம்ப நன்றாயிருந்தது, ஆனால் தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று கை கூப்பிச் சொல்லிவிட்டுப் போனாள். அன்று எனக்குக் கோபம் வந்தது. நாலைந்து நாள் கழித்துத்தான் வெட்கம் வந்தது. மறுவாரம் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, விதைப்பைப் பற்றியும் அறுப்பைப் பற்றியும் அவள் என்ன வார்த்தை சொல்லுகிறாள் என்று கேட்டுக்கொண்டேன். குருமடம் தராத ஒரு பாடத்தை அந்தத் திண்ணை தந்தது.

வீரமாமுனிவர் இதை எனக்கு 300 வருஷத்துக்கு முன்னமே அறிந்திருந்தார். புலவர்களுக்குத் தேம்பாவணி, உபதேசியாருக்கு வேதியர் ஒழுக்கம், சிரித்து மகிழ்கிற பிள்ளைகளுக்கும் பெரியோர்களுக்கும் பரமார்த்த குரு கதை. மேலே ஏறுவது மட்டும் வளர்ச்சி அல்ல. கீழே இறங்கி வரத் தெரிவதும் வளர்ச்சிதான்.

ஆறு விழித்திருக்கிறதா?

அந்தப் பரமார்த்த குரு கதையை உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். குருவும் ஐந்து சீடர்களும் ஓர் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். ஆறு விழித்திருக்கும்போது இறங்கினால் ஆபத்து, தூங்கும்போது கடந்துவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். ஆகவே ஒரு சீடன் கொள்ளிக்கட்டையை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் தோய்க்கிறான். சுர்ரென்று சத்தமும் புகையும் எழும்புகின்றன. ஆறு விழித்துச் சீறுகிறது என்று ஓடி வந்துவிடுகிறான். பிறகு அணைந்துபோன அதே கட்டையைத் தோய்த்துப் பார்க்கிறார்கள். சத்தம் இல்லை. ஆறு தூங்கிவிட்டது என்று நடுநடுங்கிக்கொண்டு கடக்கிறார்கள்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு கொஞ்சம் யோசியுங்கள். ஆறு சீறவே இல்லை. சீறியது அவன் கையில் இருந்த நெருப்பு. தன் கொள்ளியின் சத்தத்தை ஆற்றின் சத்தம் என்று அவன் எடுத்துக்கொண்டான். நாமும் நம் பயத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு கரையிலும் நிற்கிறோம். பயத்தை வைத்துச் சோதித்தால் எந்தத் தண்ணீரும் சீறத்தான் செய்யும். வங்கி சீறும், பரீட்சை சீறும், வாசகப் புத்தகம் சீறும்.

கதை அதோடு முடியவில்லை. அக்கரை சேர்ந்ததும் ஒருவன் எண்ணிப் பார்க்கிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறபடியால் ஐந்து பேர்தான் கணக்கில் வருகிறது. ஓர் ஆளை ஆறு விழுங்கிவிட்டது என்று எல்லாரும் ஒப்பாரி வைக்கிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து, ஆளுக்கு ஓர் அடி போட்டு, ஒவ்வொருவனையும் எண்ணவைத்த பிறகுதான் கணக்குச் சரியாகிறது. நாமும் இப்படியே. அண்ணன் பிள்ளைக்குப் படிப்பு வரும், எதிர்வீட்டுக்காரிக்குச் சாமர்த்தியம் உண்டு, பக்கத்துப் பங்கு இளைஞர்களுக்குப் பாட வரும் என்று ஊரெல்லாம் எண்ணுகிறோம். சர்வேசுரன் நமக்கு என்ன கொடுத்தார் என்று எண்ணும்போது மட்டும் நம்மையே விட்டுவிடுகிறோம். சுவிசேஷத்தில் ஒரு தாலந்து பெற்றவன் அதை மண்ணில் புதைத்தான். திருடித் தின்றதற்காக அவன் தண்டனை அடையவில்லை. பயந்து புதைத்ததற்காகவே தண்டனை அடைந்தான். அவனைப் புதைக்கச் சொன்னது பயமே என்பதையும் நம் ஆண்டவர் மறைக்கவில்லை.

ஒப்புக்கொள்ளவேண்டிய எல்லையும் உண்டு

ஆனால் பிரியமானவர்களே, மனிதன் நினைத்தால் எதையும் சாதிக்கலாம் என்று உலகம் போடுகிற கூச்சலை நான் உங்களுக்குப் பிரசங்கிக்கவில்லை. அது அகந்தை. சில எல்லைகளைச் சர்வேசுரனே வைத்திருக்கிறார். வயது ஏறும், பலம் குறையும், சிலருக்கு நோய் நீங்காது. படுக்கையில் இருக்கிற நோயாளி தன் படுக்கையிலிருந்தே பங்குக்காக ஜெபிப்பதும் ஊழியம்தான். பிள்ளைக்கு வராத படிப்பை அடித்துத் திணிக்கிற தகப்பனார் எல்லையைத் தாண்டவைக்கவில்லை, பிள்ளையைத்தான் உடைக்கிறார்.

குடியோடு போராடுகிறவருக்கும் இங்கே ஒன்று சொல்லவேண்டும். உமது மனோபலம் மட்டும் போதாமல் இருக்கலாம்; அது அவமானம் அல்ல. வீரமாமுனிவர் தனியே தமிழ் கற்கவில்லை, ஒரு குருவைத் தேடினார். அதுபோல வைத்தியரையும், மறுவாழ்வுக்கு உதவுகிறவர்களையும், தேவதிரவிய அநுமானங்களையும் தேடும். உதவி கேட்பதே பலருக்குத் தாண்டமுடியாத எல்லையாய் நிற்கிறது. அதை முதலில் தாண்டும்.

முனிவரும் எல்லா எல்லையையும் தாண்டியவர் அல்ல. தரங்கம்பாடியில் இருந்த லுத்தரன் சபையாரோடு அவர் கடுமையாக வாதாடினார். பேதகம் மறுத்தல், லுத்தேரினத்தியல்பு முதலிய நூல்களில் அந்தச் சூடு தெரியும். அது அக்காலத்து வழக்கம். எதிர்ப்பக்கமும் குளிர்ச்சியாய்ப் பேசவில்லை. ஆனாலும் சர்வேசுரனுடைய வேலையைப் பாருங்கள். அவருடைய பேச்சுத் தமிழ் இலக்கணத்தை 1738-ல் அச்சிட்டது அதே தரங்கம்பாடி அச்சுக்கூடம். வாதத்தில் பிரிந்து நின்றவர்கள் அறிவின் பொருட்டு ஒரு புத்தகத்தில் சந்தித்தார்கள். 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிரிந்த சகோதரர்களை மதிப்போடு பார்க்க நமக்குக் கற்பித்தது. முனிவர் தம் காலத்தில் தாண்டாத அந்த எல்லையை நாம் நம் தெருவில் தாண்டவேண்டும். பெரியோர்களின் குறையைக் காண்பது அவர்களைத் தாழ்த்துவதற்கு அல்ல. அவர்கள் விட்ட இடத்திலிருந்து நாம் தொடருவதற்கே.

கடைசி நாட்கள்

1741-ல் மராட்டியர் திருச்சிராப்பள்ளியைப் பிடித்தார்கள். நாடு போர்களால் குழம்பிற்று. ஏலாக்குறிச்சியில் தாம் எழுப்பிய கோயிலையும், விருத்தாசலத்துப் பக்கம் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்கு எழுப்பிய கோயிலையும் விட்டு, முனிவர் தெற்கே போனார். முடிவில் மலையாள நாட்டில் அம்பழக்காட்டில் 1747-ம் வருஷம் பிப்ரவரி 4-ம் தேதி, 66-ம் வயதில் மரித்தார். பிறந்த தேசத்தை விட்டபின் அவர் அதைத் திரும்பப் பார்க்கவே இல்லை. பிப்ரவரி 4 அர்ச். அருளானந்தர் திருநாளும் ஆகும். 1693-ல் அந்தத் தேதியில்தான் அருளானந்தர் ஓரியூரில் இரத்தம் சிந்தினார். ஒருவர் ஒரே நாளில் உயிரைக் கொடுத்தார். மற்றவர் 36 வருஷம், நாளுக்கு நாள், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். முன்னவரை நாம் வேதசாட்சி என்கிறோம். பின்னவரின் சாட்சி நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களுக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. கத்தியின்முன் நிற்கும் நாள் நமக்கு வராமல் போகலாம். அரிச்சுவடியின்முன் உட்காரும் நாள் தினந்தோறும் வருகிறது.

1968-ல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது கடற்கரையில் நாட்டிய சிலைகளில் வீரமாமுனிவர் சிலையும் ஒன்று. ஒரு காலத்தில் ழகரம் வராமல் தடுமாறிய இத்தாலியர், தமிழ் வளர்த்த பெரியோர்களின் வரிசையில் நிற்கிறார். சென்னைக்குப் போனால் உங்கள் பிள்ளைகளுக்கு அவரைக் காட்டுங்கள். ஏலாக்குறிச்சிக்குப் போனால், மெழுகுதிரி ஏற்றிவிட்டு உடனே பஸ்ஸுக்கு ஓடாமல், அவர் நடந்த மண்ணில் சற்று உட்கார்ந்து வாருங்கள்.

இந்த வாரத்துக்கான தீர்மானம்

முதலாவது, இன்று இரவு குடும்ப ஜெபத்துக்குப் பின், வீட்டில் ஒவ்வொருவரும் தமக்கு வராது என்று விட்டுவிட்ட ஒரு காரியத்தைச் சொல்லட்டும். சொல்லும்போது மற்றவர்கள் சிரிக்கவேண்டாம்.

இரண்டாவது, அதைச் சர்வேசுரன் வைத்த எல்லையா, பயம் வைத்த எல்லையா என்று பிரித்துப் பாருங்கள். சர்வேசுரன் வைத்ததானால் சமாதானமாய் ஒப்புக்கொள்ளுங்கள். பயம் வைத்ததானால், முழுவதையும் ஒரே நாளில் தாண்ட நினைக்காமல், ஒரு சிறு அடி எடுத்து வையுங்கள். தேம்பாவணியும் ஒரு பாட்டில்தான் தொடங்கிற்று.

மூன்றாவது, யாராவது கற்றுக்குட்டியாய் நிற்பதைக் கண்டால் கைகொடுங்கள். கோயிலில் ஒருவர் தடுமாறி வாசித்தால் அவருக்காக ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கள்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. வரும் ஞாயிறு முதல் இரண்டாம் பூசைக்குப் பின் அரைமணி நேரம், வாசகம் வாசிக்கப் பழக விரும்புகிறவர்களுக்கு அறைவீட்டுத் தாழ்வாரத்தில் இடம் உண்டு. எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்கள் தயங்காமல் வரலாம். முப்பது வயது தாண்டியவர்களுக்கே முன்வரிசை. நானும் அங்கே இருப்பேன். எனக்குத் தெரியாத ஒன்றை உங்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்வதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டு வருவேன்.

ஆற்றைக் கடந்து வந்தவர்களைக் கைவிடாத அடைக்கல மாதா, இன்னும் கரையிலேயே நிற்கிற நம்மையும் கைப்பிடித்து நடத்துவார்களாக.

உங்கள் பங்குச் சுவாமியார்